வயிற்றுமரம்

நாமக்கல்லில் மதியச் சாப்பாடு முடிகிற நேரம். பசி காதை அடைக்கிறது. கைபேசியில் பழைய ஆங்கிலச் சொற்களைப் படித்துக்கொண்டே, கைகாட்டி ஓர் ஆட்டோவில் ஏறுகிறேன். ஒரு காலத்தில் சாப்பாட்டுக்கு ‘பெல்லி டிம்பர்’, அதாவது வயிற்றுமரம், என்று பெயராம். என் வாய் சும்மா இருக்குமா?

“அண்ணா, நல்ல பெல்லி டிம்பர் கிடைக்கிற இடத்துக்குப் போங்க.”

லாரிப் பட்டறைகளையெல்லாம் தாண்டி, ஒரு டிம்பர் டிப்போ வாசலில் வண்டி நிற்கிறது. உள்ளே ரம்பம் அலறுகிறது. வெளியே என் வயிறு.

“பெல்லி இருக்குதோ என்னமோங்க. தேக்கு, வேம்பு இருக்கும்,” என்கிறார் ஓட்டுநர்.

“நான் கேட்டது சோறுங்க,” என்கிறேன் எரிச்சலோடு.

அவர் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்.

“ஏனுங்க, மெஸ் வாசல்ல நின்னுதானுங்க கையக் காட்டுனீங்க?”