அக்காவின் கரிமூட்டமும் ஊர்க் கண்மாயும்

எங்கள் அக்கா பேரையூருக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் கிராமத்தில் பிறந்து, அதே ஊரில் வாக்கப்பட்டு, அங்கேயே கண்ணை மூடினார். மச்சான் சீக்கிரமே போய்விட்டார். இரண்டு பெண்பிள்ளைகளையும் தம்பியான என் படிப்பையும் கரையேற்றியது, விறகை மண்ணால் மூடிச் சுட்டுக் கரியாக்கி விற்க அக்கா போட்ட கரிமூட்டம். நான் இன்று தல்லாகுளத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்குவது அந்தப் புகையால்தான்.

மூட்டத்துக்கு விறகு, கண்மாயை அடைத்து நின்ற சீமைக்கருவேலம். அடிக்கட்டையை விட்டுத்தான் வெட்டச் சொல்வார் அக்கா. மறுபடி தழைக்க வேண்டுமே. ஊருக்கோ அந்த மரத்தைக் கண்டாலே ஆகாது. கண்மாயில் தண்ணீர் நிற்காததற்கு அதுதான் காரணம் என்று வேரோடு பிடுங்க முடிவெடுத்தார்கள். கூட்டத்தில் அக்கா எழுந்து சண்டை போட்டார்.

“மரத்தைப் பிடுங்குனா தண்ணி வந்துருமாக்கும்? வரத்துக்காலை அடைச்சு வச்சுக்கிட்டு மரத்து மேல பழி போடுறீக. அடைச்ச அம்புட்டுப் பேரும் இங்கனதான உக்காந்திருக்கீக!”

பேச்சு எடுபடவில்லை. மரம் போனது. மழையும் பெய்தது. கண்மாய் காய்ந்தேதான் கிடந்தது. அக்கா சொன்னது பலித்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

பிறகு ஊர் கூடி, கண்மாய்க்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்காலை அளந்தது. மச்சானுடைய பங்காளிகளின் மாட்டுக்கொட்டம், சுற்றுச்சுவர் எல்லாம் அதற்குள் இருந்தன. அவற்றுக்கும் மேலே, பாதி வாய்க்காலை மறித்து, அக்காவின் மூட்டத் திடல்! மாமனார் காலத்திலிருந்து மூட்டம் போட்ட இடம். அது வாய்க்கால் இடம் என்று அக்காவுக்கே தெரியாது.

“என்ன மதினி, இப்பச் சொல்லுங்க” என்று சிரித்தார் ஒரு பங்காளி.

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. வெளியூர் விறகை வாங்கியாவது தொழிலை ஓட்டலாம் என்றிருந்தார். திடலும் போனால் பிழைப்பே போச்சு. நேரே திடலின் நடுவில் போய் நின்றார்.

“முதல்ல என்னோடதத் தோண்டுங்க. அப்பறம் எவன் சுவரு நிக்கிதுன்னு நான் பாக்குறேன்.”

தோண்டினார்கள். அதன்பிறகு மாட்டுக்கொட்டமும் சுவர்களும் ஒவ்வொன்றாக இடிந்தன. அக்கா கடைசிவரை காட்டு வேலைக்குக் கூலிக்குப் போனார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. நெஞ்சுச் சளியில் சில நாள் படுத்து, இந்த மழைக்காலத்தில் காலமானார்.

மருத்துவமனைக்கு அலைந்த மருமகன்களுக்கும், சாவு வீட்டில் உலை வைத்த தெருப்பெண்களுக்கும் நன்றி. சுவர் போன கோபத்தில் அக்காவோடு பேச்சையே விட்டிருந்த பங்காளிகளுக்கும் நன்றி. இறந்தவரைக் குளிப்பாட்டும் நீர்மாலைக்கு எங்கள் ஊரில் பல வருடமாகத் தெருக்குழாய்தான் கதி. அக்காவுக்கு அந்தப் பங்காளிகள்தான் முன்னால் நடந்து, கண்மாயில் இடுப்பளவு இறங்கி, குடத்தில் மொண்டு வந்தார்கள்.