கொடியேற்றத்தன்று விட்ட நோன்பு

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இப்போதும் தடுமாறுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்தில் ஸ்டவ், பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் என் அப்பா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வரிசையில் பதினாலு கடை. பள்ளிவாசலுக்குப் போகிறவன் நான் ஒருவன்தான். ஆகஸ்ட் பதினைந்துக்குக் கடைக்காரர்கள் சேர்ந்து கொடியேற்றுவோம். கொடிக்குள் பூ வைத்து மடித்து, ஒரே இழுப்பில் அவிழும்படி முடிச்சுப் போடுவது என் வேலை. என் விரல்களுக்கு அது வரும் என்று என்னிடம் விட்டிருந்தார்கள். அதை யாரும் பெரிதாகச் சொன்னதில்லை. நானும் பெரிதாக நினைத்ததில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் அந்த நாள் ரம்ஜான் மாதத்தில் வந்தது. எனக்குப் பத்தாவது நோன்பு. அன்றைக்கே ஆடிக் கடைசிச் செவ்வாயும். பாத்திரக்கடைக்காரர் செவ்வாய்தோறும் முருகனுக்கு விரதம் இருப்பவர். பச்சைத் தண்ணீர்கூடப் பொழுது சாய்ந்த பிறகுதான்.

கொடி ஏறியது, பூ விழுந்தது, எல்லாரும் சல்யூட் அடித்தோம். அந்த வருஷம் புதிதாக ஜவுளிக்கடை திறந்தவர் ஆரஞ்சு மிட்டாய்த் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் பாத்திரக்கடைக்காரரிடம் போனார்.

“அண்ணே, உங்களுக்கு விரதமாச்சே! விளக்கு வெச்சப்புறம் சாப்பிடுங்க” என்று அவரே ஒரு மிட்டாயைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அவர் வாங்கி மடியில் செருகிக்கொண்டார். அடுத்தது நான். நானும் ஒன்று எடுத்துக் கையில் வைத்திருந்தேன்.

“இன்னா பாய், கையிலயே வெச்சினு இருக்கீங்க?”

“நோன்புங்க. சாயந்திரம் சாப்பிடறேன்.”

“நோன்பா, இல்ல நேத்தே சாப்ட்டாச்சா? பாகிஸ்தானுக்கு நேத்துதான சுதந்திர தினம்!”

ஒருவர் சிரித்தார். பிறகு நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

“அட, தமாசுக்குச் சொன்னேன் பாய். நாட்டுக்காக ஒரே ஒரு மிட்டாய். உங்க சாமி ஒண்ணும் கோச்சிக்காது. போடுங்க, பாக்கலாம்.”

மற்ற பதின்மூன்று கடைக்காரர்களும் என் வாயையே பார்த்தார்கள். இரண்டு பேச்சு பேசத் தெரிந்தவனாக இருந்தால் தப்பித்திருப்பேன். நான் மிட்டாயை வாயில் போட்டேன். கை தட்டினார்கள்.

“நம்ம பாய் நம்ம பாய்தான்யா!” என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

கால் மணி நேரத்துக்கு முன்னால் அந்தக் கொடியை மடித்து முடிச்சுப் போட்டபோது நான் யாருடைய பாய்? மிட்டாய் கரைந்த பிறகுதான் இந்த ஊர்க்காரன் ஆனேனா? ஒருவர் பட்டினி கிடந்தால் அது பக்தி, நான் கிடந்தால் அது துரோகமா? இதையெல்லாம் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கடைக்குள் போய் வாய் கொப்பளித்தேன்.

சாயந்திரம் பள்ளிவாசலில் எல்லாரும் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தபோது திறப்பதற்கு என்னிடம் நோன்பு இல்லை. கிண்ணம் வாங்காமல் ஓரமாக நின்றேன். தோல் மண்டி வைத்திருந்த ஒரு பெரியவர் ஏன் என்று கேட்டார். மெதுவாகச் சொன்னேன். அவர் மெதுவாகப் பேசவில்லை.

“கழுத்துல கத்தியா வெச்சாங்க? நாலு பேர் சிரிச்சான்னு நோன்ப உட்டுட்டியா? உனக்கு மார்க்கம் பெருசா, கொடி பெருசாப்பா? அந்தக் கொடிகிட்ட உனக்கு இன்னா வேல?”

கஞ்சிக்கு உட்கார்ந்திருந்த வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. காலையில் ஒருவர் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார், சாயந்திரம் இன்னொருவர். என்னை நிறுக்கச் சொல்லி இவர்களை யார் கேட்டார்கள்? தொழுகையும் கொடியும் அதுவரை எனக்குள் சண்டை போட்டதே இல்லை. அவற்றை ஒன்றுக்கொன்று பகையாக்கியது இவர்கள் இரண்டு பேரும்தான்.

பெருநாள் கழித்து, விட்டுப்போன அந்த ஒரு நோன்பைப் பிடித்தேன். அன்றைக்குப் பாத்திரக்கடைக்காரர் வழக்கம்போல எனக்கும் டீ வாங்கி வந்தார்.

“வேணாங்க, நோன்பு.”

“அதான் முடிஞ்சி போச்சே, பாய்?”

“கொடியேத்தினப்ப ஒண்ணு விட்டேனே, அது.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “நான் சொல்லியிருக்கணும் பாய். எனக்குத் தெரியும், நீங்க நோன்புல எச்சில்கூட முழுங்காத ஆளு. புதுசா வந்தவன், எதுனா சொல்லிடுவான்னு சும்மா இருந்துட்டேன்.”

அவர் நல்ல மனிதர்தான். அதனாலேயே எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. ஜவுளிக்கடைக்காரருக்கு என்னைத் தெரியாது. இவருக்குத் தெரியும். பிறவியிலேயே கூச்சப்படுகிறவன் நான். அன்றைக்கு மட்டும் மற்ற பன்னிரண்டு பேருக்கும் எங்கிருந்து வந்தது கூச்சம்?

அடுத்த வருஷமும் அந்த நாள் நோன்பில் வந்தது. கூப்பிட்டார்கள், போனேன். பூ வைத்து முடிச்சுப் போட்டேன், சல்யூட் அடித்தேன். தட்டு வருவதற்குள் கடைக்கு வந்துவிட்டேன். பிறகு வந்த வருஷங்களில் ஆகஸ்ட் பதினைந்துக்கு முன்னாலேயே நோன்பு மாதம் முடிந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் வந்துவிடுகிறேன். நேற்றும் வந்தேன். ஓடி வரவேண்டியவன் நான் இல்லை. அடுத்த முறை தட்டு வரும்வரை அங்கேயே நிற்கப் போகிறேன்.

1988 ஆகஸ்ட் 16, செவ்வாய்க்கிழமை