கல்யாண ஆல்பத்தில் ஒரு ராக் பாடகர்

ராக் கச்சேரிகளைப் படமெடுத்தே பேர் வாங்கியவர் செலண்டார் ஊர் ஸ்டூடியோக்காரர். அவர் காலமான பிறகு, மனைவி அந்தப் படங்களைச் சேர்த்து வைக்கிறார் என்று கேள்விப்பட்டு இன்று போய்ப் பார்த்தேன்.

அலமாரி பாதி காலி.

"மிச்சப் படமெல்லாம் எங்கக்கா?"

"கல்யாண வீடுங்கள்ல இருக்கு லா. கல்யாணத்துல மிஞ்சுன பிலிமை ராக் ஷோவுலதான் முடிப்பாரு. ஆல்பம் ஒட்டுறது நான். மேடையில கித்தார் வச்சிருந்தா பாடகர்னு தெரியும். நாற்காலியில உட்கார்ந்து தே தண்ணி குடிச்சா, சொந்தக்காரர்னுதானே ஒட்டுவேன்? நெகட்டிவையும் சேர்த்துக் குடுத்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் தங்கை கல்யாணத்துக்கும் அவர்தான் படமெடுத்தார்.

நேராக புக்கிட் பெருவாங்கில் தங்கை வீட்டுக்குப் போய் ஆல்பத்தைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் தோள்வரை முடி வளர்த்த ஒருவர், வியர்க்க விறுவிறுக்கத் தே குடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் கூட்டாளி என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். மாப்பிள்ளையைக் கேட்டால், அவரோ இவரை என் கூட்டாளி என்று நினைத்திருக்கிறார்!

விஷயத்தைச் சொல்லிப் படத்தைக் கேட்டேன். தங்கை ஆல்பத்தை மூடிவிட்டாள்.

"நெகட்டிவ வேணும்னா அந்த அக்காகிட்ட குடுங்கண்ணே. படத்தைத் தர மாட்டேன். இவ்வளவு வருஷமா நம்ம வீட்டு ஆளு அவரு."

உங்கள் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்களேன். இரு வீட்டாருக்கும் தெரியாத நீளமுடிக்காரர் இருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள். அவர் யார் என்று மாப்பிள்ளையிடம் மட்டும் கேட்காதீர்கள்.