ஆட்டிறைச்சியும் கேக்கும் போன இடம்

போன டிசம்பர் இரண்டாம் வாரம், கல்முனையில் நான் வேலை செய்யும் அலுவலகத்தின் தேநீர் அறையில் நடந்தது இது.

நான் பெரியநீலாவணையிலிருந்து ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறவள். வழியில் மருதமுனைச் சந்தியில் என் சினேகிதி நிற்பாள். அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. எட்டு வருடமாக என் பின்னால் உட்கார்ந்து, ஊர்க்கதை எல்லாம் கதைத்துக்கொண்டு வருவாள். அவள் முஸ்லிம், நான் ஜெப சபைக்குப் போகிற கிறிஸ்தவள். கிறிஸ்துமஸுக்கு நான் கேக் கொடுப்பேன், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவள் ஆட்டிறைச்சி தருவாள்.

அன்று காலையில்தான் அவளுக்குக் கேக் கொடுத்திருந்தேன். ரவை, கஜு, பேரீச்சம்பழம் போட்டு நானே செய்தது. பெட்டியைச் சிவப்பு நூலால் கட்டியிருந்தேன். பத்து மணிக்குத் தேநீர் அறைக்குப் போனால், அலுவலகம் கூட்டித் துடைக்கும் அக்கா அதே சிவப்பு நூலை அவிழ்த்துப்போட்டுவிட்டு என் கேக்கை ருசித்துச் சாப்பிடுகிறார்.

"இது ஆர் தந்த?" என்றேன்.

"மிஸ்ஸுக்குத் தெரியாதா? உங்கட சினேகிதி மிஸ்தான் ஒவ்வொரு வருசமும் எனக்குத் தாறவ."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வருடமும் "நல்லா இரிந்திச்சு அக்கா" என்று சொன்னவள்தானே! அதன்பிறகு அவள் செய்தது எல்லாமே எனக்குச் சந்தேகமாகத் தெரிந்தது. ஏன் வீட்டிலிருந்தே பிளாஸ்கில் தேநீர் கொண்டுவருகிறாள்? என் வீட்டுக்கு வந்தால் ஏன் தண்ணீர் மட்டும் குடிக்கிறாள்? என் கை பட்டது அவளுக்கு அருவருப்பா? அப்படியானால் எட்டு வருடச் சிரிப்பும் நடிப்பா?

அடுத்த மூன்று நாளும் சந்தியில் நிற்காமலே போனேன். அவள் கை காட்டுவது கண்ணாடியில் தெரிந்தது, வேகத்தை முறுக்கிக்கொண்டு போனேன். இரவில் முழங்காலில் நின்றால் ஜெபம் வரவில்லை, அவள் முகம்தான் வந்தது. பண்டிகை நெருங்குகிறது, எனக்கோ ஒரு துளி சந்தோஷம் இல்லை.

நாலாம் நாள் அவள் றோட்டின் நடுவிலேயே வந்து நின்று ஸ்கூட்டியின் கைபிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னத்துக்கு அக்கா என்ன உட்டுட்டுப் போறீங்க?"

"கேக் நல்லா இரிந்திச்சா?"

அவள் முகம் செத்துப்போனது. "அதுக்குள்ள பிராந்தி ஊத்துவீங்கதானே. எங்களுக்கு அது ஹறாம். வேணாமெண்டு செல்ல மனம் வரல்ல."

"பிராந்தியா? எங்கட சபையில பிராந்திப் போத்தலக் கண்டாலே ஒரு கிழமைக்கு உபவாசம் போடுவாங்க! ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே புள்ள?"

"நீங்க கேட்டீங்களா?" என்றாள் மெதுவாக. "பெருநாள் இறைச்சி நல்ல பதமாம். அந்த அக்காதான் எனக்கிட்டயும் செல்லுவா."

அவர்கள் முறைப்படி ஓதி அறுத்ததைக் கிறிஸ்தவள் சாப்பிடலாமோ கூடாதோ என்ற பயத்தில், நானும் வருடாவருடம் அதே அக்காவிடம்தான் இறைச்சியைக் கொடுத்து வந்தேன்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"ரெண்டு வருசமா."

"பிறகும் ஏன் தந்த நீ?"

"பெருநாள் இறைச்சியில சொந்தத்துக்கும் சினேகிதத்துக்கும் ஒரு பங்கு இரிக்கி அக்கா. உங்கட பங்க நான் வேற ஆருக்குக் குடுக்கிற?"

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது, அவளோ சிரித்துவிட்டாள். பிறகு நானும் சிரித்தேன். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான், நாங்கள் றோட்டை விட்டு நகரவில்லை. அன்று அலுவலகத்துக்குப் பிந்தித்தான் போனோம்.

அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் கைதட்டிப் பாடும்போது எனக்குள் பொங்கிய சந்தோஷம் எத்தனையோ வருடமாக நான் காணாதது. பெருநாள் வந்தபோது அவள் தந்த இறைச்சியை நானே சமைத்து, என் வீட்டு மேசையிலேயே ஜெபம் பண்ணிச் சாப்பிட்டேன். இனிக் கேக்கும் வராது, இறைச்சியும் வராது; அந்த அக்காவுக்குத்தான் இரண்டு பக்கமும் நட்டம், இன்னும் எங்களை முறைக்கிறார்.

மன்னிப்பைப் பற்றி ஞாயிறு தவறாமல் பாடுகிற நான் ஒரு கேக்குக்காக மூன்று நாள் முகம் திருப்பிக்கொண்டு போனேன். அவளோ எல்லாம் தெரிந்துகொண்டே இரண்டு வருடம் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள் என்பதை நினைக்கும்போதெல்லாம், என் ஆண்டவர் எனக்கு மன்னிப்பைக் கற்றுத்தர அவளைத்தான் அனுப்பினார் என்று நம்புகிறேன்.