ஐந்து பேருக்கு ஐந்து பொத்தான்

ஊரிலேயே தாழக் குனிந்து கும்பிடு போடுகிறவர் பெரிய ஓட்டலில் கதவு திறந்துவிடுகிறவர்தான், தொப்பி தரையைத் தொடுமாம் என்று சலூனில் பேசிக்கொண்டார்கள். சலூனில் சொன்ன எண்ணெயை நம்பித் தலை வழுக்கையானவன் நான். நேரிலேயே போய்ப் பார்த்தேன்.

உண்மைதான். ஆள் உள்ளே நுழைந்ததும் மனிதர் இடுப்பில் இரண்டாக மடிகிறார். ஆனால் மடிவதற்கு அரை நொடி முன்னால் அவர் கையிலிருந்து ஒரு சட்டைப் பொத்தான் விழுகிறது. ஐந்து பேர் குடும்பமாக வந்தால் ஐந்து பொத்தான். ஒவ்வொன்றாக.

“என்னங்க இது?” என்றேன்.

“புது முதலாளி சர்க்குலர் சார். வர்றவங்களுக்கெல்லாம் ‘பவ்’ பண்ணணும், இல்லேன்னா வீட்டுக்குப் போகணும். நான் பண்றது ‘பெண்ட்’, விழுந்த பொத்தானைப் பொறுக்க. பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், வேற வேற. பெண்டுன்னா இடுப்பு குனியறது. பவ்வுன்னா ஆளே குனியறது. எனக்கு இடுப்புக்குத்தான் சார் சம்பளம்.”

வயது ஐம்பத்து நான்கு. மீசைக்கென்று தனிச் சீப்பு வைத்திருக்கிறார். வீட்டில் அவருடைய சட்டைகளின் மானத்தை ஊக்குகள்தான் காப்பாற்றுகின்றன. “நாத்து நடுற மாதிரி பொத்தான் நட்டுட்டு வர்றீங்களே, எப்ப முளைக்கும்னு பொண்டாட்டி கேக்குறா” என்று சொல்லி அவரே சிரித்தார்.

போன வாரம் மாட்டிக்கொண்டார். பொத்தான் உருண்டுபோய் முதலாளியின் ஷூவில் முட்டி நின்றது.

“தினம் எதையோ கீழ போட்டுட்டுத்தான் பொறுக்குறியா? அப்ப இத்தனை நாளா எனக்குன்னு நீ குனியவே இல்லையா?”

வேலை நூலில் தொங்கிய நேரத்தில், தரை துடைக்கும் அம்மாள் குறுக்கே வந்தார். “எம்மேலதான் தப்புங்கய்யா. கதவுக் கைப்பிடிக்கு எண்ணெய் ஜாஸ்தி போட்டுட்டேன். அண்ணன் கையில எதுவும் நிக்க மாட்டேங்குது.” அன்றைய திட்டு முழுவதும் அந்த அம்மாளுக்கே போய்ச் சேர்ந்தது.

“அவங்களுக்கு மட்டும் ஒரு பவ் பாக்கி இருக்கு சார். அசல் பவ்.”

சொல்லி வாய் மூடவில்லை, அம்மாள் வாளியோடு வந்தார். இவர் தொப்பியைக் கழற்றினார். கை வெறுங்கை. கண்ணை மூடிக்கொண்டு மெல்லக் குனிந்தார்.

“இருங்கண்ணே, உங்களுக்கு ஏன் சிரமம்? எந்தப் பக்கம் உருண்டுச்சு?” வாளியை வைத்துவிட்டு, அம்மாள் மண்டியிட்டு சோபாவுக்கு அடியில் கைவிட்டுத் துழாவ ஆரம்பித்தார்.

பாதிக் குனிந்தபடி இவர் என்னைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து, சத்தம் வராமல் சோபாவுக்கு அடியில் உருட்டிவிட்டார்.