மன்னித்தேன் என்று அக்கா சொல்லவில்லை

எங்கள் அக்கா ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அக்காவை அடக்கம் செய்த நாளில், பிடாடாரி கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிப்பதற்குள்ளாகவே, "மன்னிக்காமலே போய்ட்டாங்களே, ஆத்துமா என்ன ஆகுமோ" என்று சிலர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அன்று அழுதுகொண்டிருந்தவள் நான்; என்னிடம் பதிலை எதிர்பார்க்க முடியாது. இன்று அழவில்லை. பதிலை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது செம்பவாங் கடற்படைத் தளத்துத் தொழிலாளர் குடியிருப்பில். அப்பா அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. வீட்டில் காலையும் மாலையும் ஜெபம் உண்டு. அதில் கேள்வி கேட்கும் பழக்கம் அக்கா ஒருவருக்குத்தான் உண்டு. ஞாயிறு பள்ளியில் ஒரு நாள், "ஆதாம் பழத்தைத் தின்னதுக்கு நான் ஏன் முட்டி போட்டு மன்னிப்புக் கேக்கணும்?" என்று கேட்டாராம். ஆசிரியை அதற்காகவே முட்டி போட வைத்தார். வீட்டுக்கு வந்து, "இப்ப முட்டி போட்டது ஆதாமுக்காக இல்ல, எனக்காக" என்று அம்மாவிடம் சொன்னதை அம்மா கடைசிவரை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜப்பானியர் காலத்தில் அப்பா இறந்தார். சண்டை முடிந்ததும் அக்கா தமிழ்ப் பள்ளியொன்றில் ஆசிரியையாகச் சேர்ந்து எங்கள் எல்லோரையும் கரையேற்றினார். என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். நகராட்சியில் மின்கம்பி வேலை பார்த்த அத்தானைத் திருமணம் செய்துகொண்டு, பஃபலோ சாலையில் ஒரு கடைவீட்டு மாடி அறையில் குடியேறினார். அங்கேதான் மகள் ரூபி பிறந்தாள். அம்மாவும் நானும் அதே மாடியில் அடுத்த அறையில் இருந்தோம்.

அத்தான் அதிகம் பேசமாட்டார். ஆனால் பந்தைக் கண்டால் நிற்கமாட்டார். சனிக்கிழமை தோறும் ஃபேரர் பார்க் திடலில் சபை இளைஞர்களோடு காற்பந்து ஆடுவார். அந்த இளைஞர்களில் தங்கராஜும் ஒருவர். கிராஞ்சித் தோட்டங்களிலிருந்து தேக்கா சந்தைக்குக் காய்கறி லாரி ஓட்டியவர். சபையின் பாடகர் குழுவில் நல்ல குரல் அவருடையது.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை. தங்கராஜ் சரக்கை இறக்கிவிட்டு நேராகக் கள்ளுக்கடைக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து கிளம்பி லாரியை எடுத்திருக்கிறார். ரேஸ் கோர்ஸ் சாலைத் திருப்பத்தில், விளையாடிவிட்டு மிதிவண்டியில் வந்துகொண்டிருந்த அத்தான் மேல் லாரி ஏறியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அத்தான் போய்விட்டார்.

மறுநாள் போதகர் வீட்டுக்கு வந்தார். மாடிப்படி முழுக்கச் செருப்புகள். உள்ளே சபையார் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். போதகர் அக்காவின் எதிரே அமர்ந்து, "இது தேவ சித்தம், டீச்சரம்மா. நாம ஏத்துக்கணும்" என்றார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தேவன் லாரி ஓட்டலைங்க, ஐயா. தங்கராஜ் ஓட்டினான்."

போதகர் ஜெபம் செய்துவிட்டு எழுந்துபோனார். அன்றிலிருந்தே அக்காவைப் பற்றி 'வாயாடி' என்ற பேச்சு தொடங்கிவிட்டது. கணவனை இழந்த பெண் அழலாம், மயங்கி விழலாம். சரியான வாக்கியம் பேசக் கூடாது என்று நினைத்தார்கள் போலும்.

தங்கராஜ் தண்டனை முடிந்து சிறையிலிருந்து வெளியே வந்தபோது சபையில் பெரிய வாக்குவாதம் கிளம்பியது. ஆண்டவரின் மேசையில் அப்பமும் திராட்சை ரசமும் பெறும் திருவிருந்துக்கு அவரைச் சேர்க்கலாமா, கூடாதா என்பதுதான் அது. எங்கள் சபையில் மூத்தவர் மூப்பர் ஆசீர்வாதம். மனிதனுக்குத் தேவன் சுய சித்தத்தைக் கொடுத்திருக்கிறார், நன்மையோ தீமையோ அவனே தேர்ந்தெடுக்கிறான், ஆகவே தங்கராஜ் சில வருடங்கள் வெளியே நின்று தன் மனந்திரும்புதலை நடத்தையில் காட்டட்டும் என்பது அவர் கட்சி. போதகரோ, ஆதாமின் பாவம் நம் எல்லோர் இரத்தத்திலும் இருக்கிறது, மனித சித்தம் பாவத்துக்கு அடிமை, தங்கராஜுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை, இரட்சிப்பு முழுக்க முழுக்கக் கிருபையால் வருவது, நம் செயல் எதுவும் அதில் சேராது என்று வாரா வாரம் பிரசங்கித்தார். ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போதும், தேக்காவில் மீன் வாங்கும்போதும்கூட இதே பேச்சு. அண்ணன் தம்பிகள் முகம் கொடுக்காமல் போனார்கள்.

இரண்டு கட்சிக்கும் அக்கா தேவைப்பட்டார். மூப்பர் வீட்டுக்கு வந்து, "உங்களுக்காகத்தான்மா நான் நிக்கிறேன்" என்றார். போதகர் வந்து, "நீங்க சபைக்கு முன்னால அவனை மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா எல்லாம் அடங்கிடும்" என்றார். அக்கா இருவருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினார். "சபைக் கூட்டத்தில பேசுறேன்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தங்கராஜ் கடைசி வரிசையில், கதவோரம். அதுவரை எங்கள் சபைக் கூட்டத்தில் எந்தப் பெண்ணும் எழுந்து பேசியதில்லை. அக்கா எழுந்தார்.

"மூப்பரய்யா, அவனை வெளிய நிறுத்துறது எனக்காகன்னு சொல்லாதீங்க. நான் கேக்கலை. அந்த மேசை உங்களுதும் இல்ல, என்னுதும் இல்ல. யாரை உட்கார வைக்கிறதுன்னு நாம முடிவு பண்ண முடியாது."

போதகரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? டீச்சரம்மா மன்னிச்சிட்டாங்க. இதுதான் கிருபையோட கிரியை" என்றார்.

"நான் மன்னிக்கலைங்க, ஐயா."

கூடம் சலசலத்தது. போதகரின் குரல் மாறியது. "அம்மா, யோசிச்சுப் பேசுங்க. மத்தவங்களை மன்னிக்காதவங்களுக்கு மன்னிப்பு கிடையாது. உங்க ஆத்துமாவையே நீங்க பணயம் வைக்கிறீங்க."

"போன ஞாயித்துக்கிழமை என்ன சொன்னீங்க? நம்ம செயலால ஒண்ணும் ஆகாது, எல்லாமே கிருபைன்னு சொன்னீங்க. அவன் குடிச்சு லாரி ஓட்டினான், அவனுக்குக் கிருபை சும்மா. நான் புருஷனைப் பறிகொடுத்தேன், எனக்கு மட்டும் நிபந்தனையா? மன்னிக்கிறதும் ஒரு செயல்தானே, ஐயா?"

போதகர் வாய் திறப்பதற்குள் அக்கா தொடர்ந்தார். "இன்னொண்ணு. அவனுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லைன்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்க. ஆதாமோட பாவம், ரத்தத்தில வந்த பாவம். நான் பாவி இல்லைன்னு சொல்ல வரலை. ஆனா எல்லாருமே செஞ்சதா சொன்னா யாருமே செய்யலைன்னு ஆயிடும். என் வீட்டுக்காரர் ஆதாம் ஓட்டின லாரியில சாகலை."

பின்வரிசையில் நாற்காலி உராயும் சத்தம் கேட்டது. தங்கராஜ் எழுந்து நின்றிருந்தார். உட்காரும்படி யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் உட்காரவில்லை.

"அக்கா சொல்றதுதான் சரி" என்றார். "கோர்ட்ல வக்கீல் ரோட்டைக் குறை சொன்னாரு. எங்கம்மா சாத்தான்தான் செஞ்சான்னு சொன்னாங்க. ஐயா ஆதாம்னு சொல்றாரு. உள்ள இருந்தப்பகூட நான் செஞ்சேன்னு சொன்னா, விதி தம்பி விடுன்னாங்க. நான்தான் குடிச்சேன். போக வேணாம்னு கடையில ஒருத்தர் சொன்னாரு, கேக்கலை. நான்தான் ஓட்டினேன். நான்தான் செஞ்சேன்னு சொன்னவங்க அக்கா ஒருத்தர்தான்." வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். அத்தான் இறந்த பிறகு தங்கராஜின் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "உட்காரு" என்றார். தானும் உட்கார்ந்தார்.

சேர்க்கலாம் என்றே கூட்டம் முடிவெடுத்தது, அடுத்த திருவிருந்துக்குத் தங்கராஜ் வந்தார். மூப்பரின் ஆட்கள் எழுந்து வெளியே போனார்கள். அக்கா போகவில்லை. அதே வரிசையில், அவரிடமிருந்து சற்றுத் தள்ளி முழந்தாளிட்டு அப்பமும் ரசமும் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் நான் கேட்டேன், "அவனோட சேந்து வாங்கிக்க எப்படிக்கா முடிஞ்சது?"

"எனக்குப் பிடிச்சவங்களுக்குத்தான் கிடைக்கும்னா, அது என்னோட தயவு. ஆண்டவரோட கிருபை இல்ல" என்றார். பிறகு, "பக்கத்தில முட்டி போட்டதுக்கே உடம்பெல்லாம் எரிஞ்சுது" என்றும் சொன்னார். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அக்காவைப் புனிதவதி ஆக்குகிறவர்களும் வேண்டாம், மற்றதை மட்டும் எடுத்துக்கொண்டு கல்நெஞ்சக்காரி ஆக்குகிறவர்களும் வேண்டாம்.

இதற்கு அக்கா கொடுத்த விலை சிறியதல்ல. மன்னிக்காதவள் பிள்ளைகளுக்கு என்ன போதிப்பாள் என்று சொல்லி, அவரிடமிருந்த ஞாயிறு பள்ளி வகுப்பைப் பறித்தார்கள். மாதர் சங்கத்தில் பேச்சுக்கூட இல்லாமல் ஒதுக்கினார்கள். வேறு சபைக்குப் போய்விடலாம் என்று நான் கெஞ்சினேன். "நான் ஏன் போகணும்? நான் யாரையும் போகச் சொல்லலையே" என்றார். ஒவ்வொரு ஞாயிறும் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில், ரூபியின் கையைப் பிடித்துக்கொண்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். அந்தப் போதகர் மாற்றலாகிப் போனார், அடுத்தவர் வந்தார். அக்காவின் வரிசை மாறவில்லை.

பள்ளியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். ரூபியைத் தாதியர் பயிற்சிக்கு அனுப்பினார். அறுபதுகளில் தோ பாயோவில் அடுக்குமாடி வீடு கிடைத்து எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள்ளேயே வருகிறது என்று அம்மா நாள் முழுக்கத் திறந்து திறந்து பார்த்தபோது, "மூடும்மா, லா!" என்று இந்த ஊர்ப் பேச்சில் அக்கா கத்தியதும் நாங்கள் எல்லோரும் சிரித்ததும் அந்த வீட்டின் முதல் நினைவுகள்.

பிறகு நோய் வந்தது. வயிற்றில் கட்டி என்றார்கள். அறுத்தும் பயனில்லை என்றார்கள். மருத்துவமனையில் அக்கா படுத்திருந்தபோது, தங்கராஜ் பார்வையாளர் நேரத்தில் வந்து கட்டடத்துக்கு வெளியே நிற்பதாக ரூபி சொன்னாள். அந்த விபத்துக்குப் பிறகு அவர் ஒருநாளும் வண்டி ஓட்டியதில்லை. கிராஞ்சியில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை. அங்கிருந்து பஸ் கிடைப்பதே அபூர்வம். வெகுதூரம் நடந்து வந்து ஏறவேண்டும். உள்ளே வரச் சொல்லும்படி அக்கா சொன்னார்.

"வா, தங்கராஜ். நான் இன்னும் மன்னிக்கலை."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுதான் வந்தியா?"

"ஆமாங்க்கா."

"சரி. அந்த ஃபிளாஸ்க்கை எடு. வெந்நீர் தீந்துபோச்சு."

அன்றிலிருந்து வாரம் தவறாமல் வந்தார். வெந்நீர் பிடித்து வந்தார், கட்டிலை உயர்த்தினார், செய்தித்தாளை வாசித்துக் காட்டினார். அவர் உச்சரிப்பை அக்கா திருத்துவார். சில நாள் அவரைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அப்போது தங்கராஜ் நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்.

கடைசி வாரத்தில் புதிய போதகர் திருவிருந்து கொடுக்க வந்தார். நல்ல மனிதர்தான். தயங்கித் தயங்கி, "அம்மா, போறதுக்கு முன்னால அந்தப் பாரத்தை இறக்கி வச்சிடுங்களேன். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை" என்றார். ரூபியும் நானும் அருகில் இருந்தோம்.

அக்காவின் குரல் மிகவும் மெலிந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகவே கேட்டது.

"முயற்சி பண்ணேன், ஐயா. எத்தனையோ தடவை. என் சித்தத்தால எவ்வளவோ செஞ்சிருக்கேன். இது ஒண்ணு மட்டும் வரலை. வராததை வந்ததா சொல்லி, பொய்யோட ஆண்டவர் முன்னால போய் நிக்கவா? என்னால முடியாததைச் செய்யத்தானே அவர் வந்தாரு. இது பாவம்னா இருக்கட்டும். இதுக்கும் சேத்துத்தான் கிருபை. இல்லைன்னா அந்தக் கிருபை எதுக்கு?"

போதகர் அப்பத்தைப் பிட்டு அக்காவின் வாயில் வைத்தார்.

இதுதான் நடந்தது. மன்னிக்காமல் போனார் என்று சொல்கிறவர்களுக்கு நான் மறுப்புச் சொல்லப்போவதில்லை, சொல்வது உண்மைதான். அதனால் அவர் ஆத்துமா கெட்டது என்று மட்டும் யாரும் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். கிருபை என்ற சொல்லை நம்மில் பலர் பாடியிருக்கிறோம். அக்கா அதன்மேல் தன் முழுப் பாரத்தையும் வைத்துப் பார்த்தார். கல்லறைக் கல்லில் 'அனைவரையும் மன்னித்து உறங்குகிறார்' என்று பொறிக்கலாம் என உறவினர் சிலர் யோசனை சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. பெயரும் வருடங்களும் போதும் என்று ரூபியும் சொல்லிவிட்டாள்.

அக்காவின் நோயில் துணைநின்ற மருத்துவமனைத் தாதியருக்கும், தினமும் கஞ்சி வைத்துக் கொடுத்த எங்கள் மலாய் அண்டை வீட்டுப் பெரியம்மா ஹலீமா மாக்சிக்குக்கும், அடக்க ஆராதனையை நடத்திய போதகருக்கும், அக்காவிடம் படித்து இன்று பெரியவர்களாகி வந்து கலந்துகொண்ட மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தங்கராஜுக்கும் நன்றி. அவர் பெயர் இந்த மலரில் வரக் கூடாது என்று இரண்டு வீட்டார் சொல்லியனுப்பினார்கள். அவர்களும் அக்காவுக்காக அலைந்தவர்கள்தான், அவர்களுக்கும் நன்றி.

ஆராதனைக்குப் பின் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. எல்லோரும் வரவேண்டும். தங்கராஜும் வருவார், ரூபியே அழைத்திருக்கிறாள். அவரோடு உட்கார முடியாதவர்கள் அதற்காக வராமல் இருந்துவிடாதீர்கள். தள்ளி உட்காருங்கள். இடம் இருக்கிறது.