கிழிந்த காது மடல்

என் வீட்டுக்காரருக்கு இடது கையில் இரண்டு விரல் மடங்காது. பதினோரு வயதில், அப்பாவின் பட்டறைக்கு வந்த ஒரு காரின் கதவில் ஆணியால் சேவல் ஒன்றைக் கீறி வைத்தாராம். என் மாமனார் அதைப் பார்த்துவிட்டார். மகன் கையை இழுத்துப் பட்டறைக் கல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டார். அப்புறம்தான் வாயைத் திறந்தார். "ஆம்பளைக்கு எதுக்குடா படம்?" அந்த மனிதர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. போனவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். அன்று அவர் போட்டதன் மிச்சம் என் கன்னத்தில் வந்துதான் விழுந்தது.

ஊரே என் வீட்டுக்காரரை டிங்கர் என்றுதான் கூப்பிடும். மோதி நசுங்கிய வண்டிகளின் தகட்டைத் தட்டி நிமிர்த்துகிற தொழில். வெளியே சுத்தியல் விழும்போது, தகட்டுக்குப் பின்னால் அதே இடத்தில் கனத்த இரும்புக் கட்டை ஒன்றை அழுத்திப் பிடிக்க வேண்டும். டாலி என்பார்கள் அதை. இரண்டு விரல் மடங்காதவர் அதை எப்படிப் பிடிப்பார்? கல்யாணமான இரண்டாவது வாரமே அது என் கைக்கு வந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். ஆள் முகம் தெரியாது. அடி மட்டும் கை வழியாகத் தோள்பட்டை வரை ஏறும். டாலி கொஞ்சம் நகர்ந்தால் தகடு கெட்டுப்போகும், இல்லையென்றால் என் விரல் நசுங்கும். இரண்டுமே நடந்திருக்கிறது. தகடு கெட்ட அன்றுதான் அவர் அதிகமாக வருத்தப்பட்டார்.

நிமிர்த்த முடியாத தகடுகளை அவர் தூக்கிப் போட மாட்டார். வேலை ஓய்ந்த நேரத்தில் அவற்றை வெட்டி, வளைத்து, ஒட்டி மனிதர்களைச் செய்வார். எல்லாம் ஆண்கள். முட்டி போட்டு வாந்தி எடுக்கிறவன், தன் முஷ்டியைத் தானே கடிக்கிறவன், பெல்ட்டை உருவிக்கொண்டு நிற்கிற தகப்பன். வண்ணம் பூச மாட்டார், துருவைத் துடைக்க மாட்டார். விபத்தில் செத்தவன் ரத்தம் காய்ந்த கதவு வந்தால் அதற்கென்று தனி மூலை. தெருவில் கிறுக்கு என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தத் தகப்பன் பொம்மையைத் தாண்டும்போதெல்லாம் சுவரோடு ஒட்டி ஒதுங்கித்தான் போவேன். கிறுக்கன் செய்த பொம்மைக்கு யாராவது பயந்து ஒதுங்குவார்களா?

கோபம் மட்டும் அவருக்கு மூக்கு நுனியில் இருந்தது. நசுங்கலை நிமிர்த்தாமல் பசை அப்பி மறைத்துக் கொடு என்று கேட்ட வாடிக்கையாளர் ஒருவரை ஸ்பேனரால் வாயிலேயே அடித்தார். இரண்டு பல் தரையில் கிடந்தது. நான்தான் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன்.

என்னை மூன்று தடவை அடித்திருக்கிறார். கணக்கு எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. முதல் இரண்டை விடுங்கள். மூன்றாவது, ஒரு ஆம்புலன்ஸ் கதவு. கை வியர்த்து டாலி நழுவியது, தகடு கிழிந்தது. சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். அந்த மடங்காத விரல்கள் உள்ள கையைத் திருப்பிப் புறங்கையால் விட்டார். தோடு பிய்ந்து காது மடல் இரண்டாகக் கிழிந்தது. கன்னத்து எலும்பு உடைந்தது. கீழே விழுந்த பிறகு இன்னொன்று, உதட்டில். ஆஸ்பத்திரியில் பானெட் மூடி விழுந்துவிட்டது என்று சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். அவர் நம்பவில்லை, எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் அழுதார், அதுவரை இருந்த குடியை விட்டார், என் பின்னாலேயே சர்ச்சுக்கு வந்தார். ஆறு வருடம் கை ஓங்கவில்லை. நான் பொய் சொல்ல மாட்டேன், ஓங்கவே இல்லை. ஆனால் என் கன்னம் குழிந்தது குழிந்ததுதான். காற்றடித்தால் இடது கண்ணில் தானாக நீர் வழியும். ஆலயத்தில் இடது தூணை ஒட்டி உட்காருவேன், அந்தப் பக்கம் சுவர்தான் இருக்கும். தலைமுடியை இறக்கி வாரிக் காதை மறைத்துக்கொள்வேன். ஆறு வருடமாக ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாமல் இந்த முகத்தைக் காப்பாற்றி வைத்திருந்தேன்.

போன வருடம் ஆலயத்தில் பலிபீடத்துக்கு மேலிருக்கும் சுவருக்கு இயேசுவின் உருவம் ஒன்று வேண்டும் என்று ஆண்கள் சங்கம் முடிவு செய்தது. சங்கத் தலைவரை மாஸ்டர் என்பார்கள். உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர், கழுத்தும் தோளும் ஒன்றாக இருக்கும். இந்தக் காலத்துப் பையன்கள் பெண்பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டார்கள், அவர்களுக்கு ஆண்மையுள்ள ஆண்டவரைக் காட்ட வேண்டும், வேதத்தில் வருகிற மாதிரி, கையில் சாட்டையோடு தேவாலயத்துக் கடைக்காரர்களை அடித்து விரட்டுகிற ஆண்டவர் வேண்டும் என்று கேட்டார். டிங்கர்தான் செய்யட்டும் என்றார் போதகர். உருவத்தைத் திறந்து வைத்து, ஆண்மையையும் விசுவாசத்தையும் பற்றி ஒரு கலந்துரையாடலும் நடத்துவதாக ஏற்பாடு.

மூன்று மாதம் வேலை நடந்தது. அந்த மூன்று மாதமும் அவர் என்னை டாலி பிடிக்கக் கூப்பிடவில்லை. தகட்டைக் குப்புறப் போட்டு, மணல் மூட்டை மேல் வைத்து, உட்புறமிருந்து தட்டித் தட்டி முகத்தை எழுப்பினார். நான் போனால் சாக்கு போட்டு மூடிவிடுவார். கைவலி மிச்சம் என்று சும்மா இருந்துவிட்டேன். மண்டு நான், அப்போதே சாக்கைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம், ஆலயத்தை ஒட்டிய கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாற்பது ஆண்கள். பெண்கள் பின்னால், தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில். அவர் துணியை இழுத்தார். மெலிந்த உடம்பு. சாட்டை இல்லை, கை இரண்டும் கட்டியிருந்தது. முகத்தில் இடது கன்னம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது, உதடு பிளந்திருந்தது. அடிபட்ட இயேசு, சரி என்று நினைத்தேன். அப்புறம் காதைப் பார்த்தேன். மடல் இரண்டாகக் கிழிந்திருந்தது. இயேசு தோடு போட்டிருந்ததாக எந்த வேதத்திலும் நான் படித்ததில்லை.

கையிலிருந்த தம்ளரை அப்படியே மேசையில் வைத்தேன். என் முகம். ஆஸ்பத்திரிக் கண்ணாடியில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிக்கொண்ட முகம். ஞாயிற்றுக்கிழமை அதைப் பலிபீடத்துக்கு மேலே மாட்டப் போகிறார்கள்.

எனக்குக் காது அடைத்துப் போனதால் ஆரம்பத்தில் பேசியது பாதிதான் கேட்டது. இத்தனை துரு எதற்கு, நல்ல தகடு கிடைக்கவில்லையா என்று போதகர் தன்மையாகக் கேட்டார். இந்தக் கதவுகளில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள், கழுவித் துடைத்த தகட்டில் ஆண்டவரைச் செய்ய எனக்கு வராது என்றார் என் வீட்டுக்காரர். அழகாக இல்லாதது எப்படிக் கலையாகும் என்று ஒருவர் கேட்டார். சிலுவை மட்டும் அழகா என்று இவர் திருப்பிக் கேட்டார். மாஸ்டர் எழுந்துவிட்டார்.

"இது ஆம்பளையா, டிங்கர்? வாங்கிக் கட்டிக்கிட்டு நிக்குது."

"வாங்கினவரத்தான மாஸ்டர் கும்பிடுறோம். அடிச்சவங்க பேரு யாருக்காவது தெரியுமா?"

மாஸ்டர் உருவத்தை ஓர் உதை விட்டார். அது சாய்ந்து சுவரில் இடித்துச் சத்தம் போட்டது. இவர் குறுக்கே போய் நின்றார். மாஸ்டரின் கை இவர் மூக்கில் இறங்கியது. சங்கத்து ஆள்கள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் நாற்காலியைத் தூக்கி முதுகில் அடித்தான், கால் ஒடிந்து பறந்தது. போதகர் கத்தினார், யார் கேட்டது? என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் இடுப்பு வாருக்குள் சொருகிக்கொண்டு நின்றார். சட்டை முன்பக்கமெல்லாம் ரத்தம். பல் போன அந்த வாடிக்கையாளர் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். எனக்கே அந்த ஒரு நிமிடம் அவர்மேல் பெருமையாக இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம் அந்த மனிதர்.

"நல்லா அடிங்க," என்றார். "இது என் பொண்டாட்டி மூஞ்சி. நான் அடிச்ச மூஞ்சி. இந்தக் கையாலதான்."

கை ஓங்கியவர்கள் அப்படியே நின்றார்கள். மூன்றாவது வரிசையில் ஒருவர் விம்மினார். இன்னொருவர் முட்டி போட்டுத் தானும் அடித்திருப்பதாகச் சொல்லி அழுதார். அப்புறம் வரிசையாக அழுகை. மாஸ்டர் என் வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்து, இதுதான்டா ஆண்மை, ஒத்துக்கிறதுதான் ஆண்மை என்றார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் மூக்கை உடைத்த அதே ஆள். போதகர் கை இரண்டையும் உயர்த்தி ஸ்தோத்திரம் சொன்னார். நாளைக்கே மாட்டுவோம், டிங்கர் சாட்சி சொல்லட்டும் என்றார். இவர் முகத்தில் ரத்தமும் கண்ணீரும் வழிய ஒரு நிம்மதி. பாவம் கழுவிப் போய்விட்டதாம்.

பிறகு நாற்பது தலையும் என் பக்கம் திரும்பின. சரிபார்க்கத் திரும்பின. அங்கே இருக்கிற கன்னமும் இங்கே இருக்கிற கன்னமும் ஒன்றுதானா என்று.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நடந்து முன்னால் போனேன். வழி விட்டார்கள். ஒருவர் என் காலைத் தொடக் குனிந்தார், தள்ளிவிட்டேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உனக்கு மரியாதை செய்யணும்னுதான்..."

"ஆறு வருஷமா நான் மறைச்சு வெச்சத, என்னைக் கேக்காம தூக்கிச் செவுத்துல மாட்டுறதுக்குப் பேரு மரியாதையா?"

போதகர் பக்கத்தில் வந்து, மன்னிப்பு பெரிய காரியம் சகோதரி என்றார். மன்னிக்கிறதும் மன்னிக்காததும் எங்கள் வீட்டு விஷயம், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, இது என் முகம் என்றேன். இப்படிப் போதகரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

சுவரில் பொருத்துவதற்காக அவர் கொண்டுவந்திருந்த சாமான் பெட்டி கீழே இருந்தது. சுத்தியலை எடுத்தேன். டாலியை எடுத்து அவர் கையில் வைத்தேன். "பின்னால போய்ப் பிடிங்க."

பார்த்தார். போனார். வலது கையை உருவத்தின் தலைக்குள் விட்டுக் கட்டையைக் கன்னத்துக்குப் பின்னால் அழுத்தினார். கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கட்டை பிடிக்கிற பக்கம் அவர், சுத்தியல் என் கையில். ஒரு பெண் சுத்தியல் பிடித்தால் எப்படி இருக்கும் என்று அந்த ஆண்கள் நினைத்தார்களோ தெரியாது. முதல் அடியிலேயே இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

வீக்கத்தின் மேல் அடித்தேன். உதட்டின் மேல் அடித்தேன். டாலி எங்கே இருக்கிறது என்று அடியின் சத்தத்திலேயே எனக்குத் தெரியும். எங்கே போட்டால் அவர் விரல் நசுங்கும் என்பதும் தெரியும். நடுவில் ஒரு தடவை அங்கேயே போட்டேன். தெரியாமல் பட்டது என்று சொல்ல மாட்டேன். உள்ளே மூச்சு இழுத்த சத்தம் கேட்டது. கட்டை நகரவில்லை.

உள்ளிருந்து தட்டி எழுப்பிய தகடு இழுபட்டு மெலிந்திருக்கும். சூடு காட்டித் தணிக்காமல் திரும்ப அடித்தால் கிழிந்துவிடும். அது எனக்குத் தெரியாதா என்ன? கண்ணிலிருந்து தாடை வரை கிழிந்தது. இன்னும் அடித்தேன். கிழிந்த விளிம்புகள் உள்ளே மடங்கி, முகம் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. அவர் கட்டையைக் கீழே இறக்கினார். ஓட்டை வழியாக அவர் முகம் தெரிந்தது, மூக்கு உடைந்து, உதடு வீங்கி.

மாஸ்டர் மெதுவாக, இனிமே இத எங்க மாட்டுறது என்றார்.

"எங்க மாட்டுறதா இருந்தீங்களோ, அங்கேயே மாட்டுங்க."

மாட்டினார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. மெலிந்த உடம்பு, கட்டிய கை, முகத்துக்கு ஓர் ஓட்டை. என் வீட்டுக்காரருக்கு வலது கையிலும் ஒரு நகம் சரியாக முளைக்கவில்லை. புதிதாக ஆலயத்துக்கு வருகிறவர்கள் ஏன் முகம் இல்லை என்று கேட்டால், அது என் வேலை இல்லை, என் வீட்டுக்காரியைக் கேளுங்கள் என்று கைகாட்டுகிறார். நான் இப்போது தூணை ஒட்டி உட்காருவதில்லை. முடியையும் இறக்கி வாருவதில்லை.

அன்று அத்தனை அடி அடித்தும் அந்தக் காது மடலை மட்டும் நான் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் அதற்கு நேர் எதிரில் உட்கார்ந்துதான் ஜெபிக்கிறார். அந்த இடத்தை அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தது நான்தான்.